பேர் போடாத ரிவியூ: சிஸ்டருங்க நடத்துற ஷெல்டர்ல 14 மாசம் வாலண்டியரா இருந்தேன்

இது ஆள்கடத்தல்லேர்ந்து தப்பி வந்த பொண்ணுங்களுக்காக கன்னியாஸ்திரிங்க நடத்துற ஹோம். முதல்லயே சொல்லிடுறேன், இந்த ரிவியூல ஹோம் பேரு இருக்காது, ஊர் இருக்காது, போட்டோ இருக்காது, மேப் லிங்க்கும் கேக்காதீங்க. பேரே இல்லாம எதுக்குடி ரிவியூன்னு என் ஃப்ரெண்டே கேட்டா. இந்த மாதிரி எடத்தோட அட்ரஸ் வெளிய தெரிஞ்சாலே ஆபத்துங்க, உள்ள இருக்கறவங்கள தேடி அலையறவன் நம்மள விட நல்லா கூகுள் பண்ணுவான். அப்படின்னா விட்டுட வேண்டியதுதானேன்னா, இல்ல, ஏன்னா மதம் சார்ந்த அமைப்புங்க நடத்துற சர்வைவர் ஹோம் பத்தி நம்மாளுங்க கிட்ட ரெண்டே ரெண்டு கருத்துதான் இருக்கு. ஒண்ணு, "அங்க போனா மதம் மாத்திடுவாங்க". இன்னொண்ணு, "சாமி பேர்ல நடக்கறது, நல்லாத்தான் இருக்கும்". ரெண்டுமே உள்ள போய் பாக்காதவங்க பேசற பேச்சு. எந்த ஊர்ல எந்த ஹோமுக்கு நீங்க உதவி பண்ணப் போனாலும், இல்ல யாரையாவது அனுப்பப் போனாலும், எதப் பாக்கணும்னு எனக்குத் தெரிஞ்சத எழுதுறேன்.

இன்னொரு விஷயம், நான் அங்க தங்கினவ இல்ல. வாரத்துக்கு ரெண்டு நாள் போய் வண்டி ஓட்டினேன், ஆஃபீஸ் ஆஃபீஸா கூட போய் உக்காந்தேன், கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்தேன், அவ்ளோதான். அதனால இது பாதி ரிவியூதான். மீதிப் பாதிய எழுத வேண்டியவங்க அங்க தங்கினவங்க, அவங்களுக்கு எழுதத் தோணினா எழுதட்டும். அவங்க கதை ஒண்ணு கூட இதுல வராது, சோகக் கதை எதிர்பார்த்து வந்திருந்தா இங்கயே நிறுத்திக்கலாம்.

ஆள்கடத்தல்னு சொன்னதும் நம்ம தலைக்குள்ள வேன்ல வாயப் பொத்தி தூக்கிட்டுப் போற சீன்தான் ஓடும். "கடத்தல்"ங்கற வார்த்தையே அப்படி, தங்கம் கடத்தற மாதிரி பார்டர் தாண்டணும்னு தோணும். தாண்டவே வேணாம். 2000ல ஐ.நா. கொண்டு வந்த பலெர்மோ ப்ரோட்டோகால்ங்கற சர்வதேச ஒப்பந்தத்துல இதுக்கு அர்த்தம் தெளிவா இருக்கு, ஏமாத்தியோ மிரட்டியோ ஒருத்தரோட இயலாமைய பயன்படுத்தியோ சுரண்டறதுக்காக அவங்கள சேத்தாலும் கொண்டு போனாலும் அடைச்சு வெச்சாலும் அது ஆள்கடத்தல்தான். அப்படி வாங்கின சம்மதம் சம்மதமே இல்ல, 18 வயசுக்குள்ளன்னா ஏமாத்தினாங்களா மிரட்டினாங்களான்னு பாக்கவே வேணாம். பாலியல் தொழில் மட்டும்தான்னு நினைக்கறதும் தப்பு. ஐ.நா.வோட தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. 2022ல விட்ட ரிப்போர்ட்ல கட்டாய உழைப்புல இருக்கறவங்க உலகம் முழுக்க 2 கோடியே 76 லட்சம் பேர்னு கணக்கு போட்டிருந்தாங்க, அதுல பாலியல் சுரண்டல்ல இருக்கறவங்க 63 லட்சம். மீதிப் பேர்ல பெரும்பாலானவங்க வயல்ல, கட்டட வேலைல, ஃபேக்டரில, மீன்பிடி படகுல, வீட்டு வேலைல மாட்டிக்கிட்டவங்க. எதுக்கு இத சொல்றேன்னா, நான் போன ஹோம் பெண்களுக்கு மட்டும்தான். ஆண்கள் வந்தா ஃபோன் நம்பர் குடுத்து வேற எடத்துக்கு அனுப்புவாங்க, அந்த வேற எடம் பாதி நேரம் ஃபுல்லா இருக்கும். மொத மைனஸ் இது, இங்கயே எழுதிட்டேன்.

சரி ஹோமுக்கு வருவோம். நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: "வேண்டாம்"னு சொன்னா அங்க என்ன ஆகுது? ஏன்னா உள்ள வர்றவங்க மாசக்கணக்குல, சில பேர் வருஷக்கணக்குல, அந்த ஒரு வார்த்தைய சொல்ல முடியாம இருந்தவங்க. சொன்னா அடி, சொன்னா கடன் ஏறும், சொன்னா ஊர்ல இருக்கற தம்பிக்கு ஆபத்துன்னு மிரட்டல். அப்படி வந்தவங்க கிட்ட நாம அன்பா ஜெபத்துக்கு வாம்மான்னு கூப்பிட்டா அவங்களால முடியாதுன்னு சொல்ல முடியுமா? சிரிச்சிட்டே வந்து உக்காருவாங்க. நாமளும் "பாருங்க எவ்ளோ ஆர்வமா வர்றாங்க"ன்னு சந்தோஷப்பட்டுக்குவோம். இந்த எடத்துலதான் நல்ல நல்ல மனுஷங்க நடத்தற ஹோமெல்லாம் கோட்ட விடுது.

இங்க எப்படின்னா, வந்த அன்னிக்கு ஃபார்ம்ல மதம்னு ஒரு கட்டமே கிடையாது. உங்கள எந்தப் பேரால கூப்பிடணும், இன்னிக்கு ராத்திரி என்ன வேணும், யாருக்குத் தெரியக்கூடாது, லைட் போட்டுத் தூங்கணுமா, இப்படித்தான் கேள்வி. சொந்தப் பேரு சொல்லணும்னு கூட இல்ல. சாயந்திரம் ஜெபம் இருக்கு, வரணும்னு இல்ல, வரலன்னா சாப்பாட்டுலயோ ரூம்லயோ வழக்கு உதவிலயோ எதுவும் குறையாதுன்னு அவங்கவங்க மொழில எழுதிக் குடுப்பாங்க, படிக்கத் தெரியாதவங்களுக்கு ஒருத்தர் உக்காந்து படிச்சுக் காட்டுவாங்க. எழுதறது யார் வேணா எழுதலாம்னு நானும் மொதல்ல நம்பல. ஒரு நாள் சாயந்திரம் ஜெப நேரம், ஹால்ல ஒரு பொண்ணு வேணும்னே டிவி சவுண்ட ஏத்தி வெச்சுது, நான் பதறி எந்திரிக்கப் போனேன். வயசான சிஸ்டர் ஒருத்தர் மெதுவா நடந்து வந்தாங்க, டிவிய தொடல, அந்தப் பொண்ண பாக்கக்கூட இல்ல, ஜெபம் நடக்கற சாப்பல் கதவ சாத்திட்டு உள்ள போய்ட்டாங்க. அவ்ளோதான். மறுநாளும் யாரும் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அஞ்சுக்கு நான் போடற நாலு ஸ்டார்ல ரெண்டு ஸ்டார் அந்தக் கதவுக்குத்தான்.

இதுக்கு முன்னாடி வேற ஒரு அமைப்புல கொஞ்ச நாள் இருந்தேன், அதுவும் மதம் சார்ந்ததுதான், எந்த மதம்னு சொல்லல, சொன்னா சண்ட அங்க போயிடும். அங்க வருஷாந்திர நிதி திரட்டற கூட்டத்துல ஒரு பொண்ண மேடை ஏத்தி மைக் குடுத்து நடந்தத சொல்ல வெச்சாங்க. முகத்துல மெல்லிசா ஒரு துணி, அது மறைச்ச மாதிரியாம். கீழ உக்காந்திருந்தவங்க அழுதாங்க, உண்டியல் நிறைஞ்சுது. அந்தப் பொண்ணு சம்மதிச்சுதான் பேசினான்னு பொறுப்புல இருந்தவர் சொன்னார். தங்கறதுக்கு எடம் குடுத்தவங்க கேக்கும்போது குடுக்கற சம்மதம், சாப்பாடு போட்டவங்க கேக்கும்போது குடுக்கற சம்மதம், அது என்ன மாதிரி சம்மதம்? மேல பலெர்மோ பத்தி எழுதினேனே, அந்தக் கேள்விதான் இங்கயும். அன்னிக்கோட அங்க போறத விட்டுட்டேன், ஆனா அப்ப எந்திரிச்சு எதுவும் கேக்கலங்கறது இன்னும் உறுத்துது. இப்ப சொல்ற ஹோம்ல அப்படி மேடை ஏத்தி சாட்சி சொல்ல வைக்கறதே கிடையாது, டோனர் வந்தா ஆஃபீஸ் ரூம் வரைக்கும்தான், தங்கறவங்க இருக்கற பக்கம் விடறதில்ல. ஒரு பெரிய டோனர் இதுனாலயே கோவிச்சுட்டுப் போனார்னு கேள்விப்பட்டேன், நல்லதுன்னு நினைச்சேன்.

நானும் யோக்கியம் இல்ல. ரெண்டாவது வாரமோ மூணாவது வாரமோ, கார்ல அழுதுட்டு வந்த ஒருத்தங்க தோள்ல கைய வெச்சு "உங்களுக்காக வேண்டிக்கறேன்"னு சொல்லிட்டேன். நல்லது பண்ணின நினைப்புல இருந்தேன். அன்னிக்கு சாயந்திரம் கோஆர்டினேட்டர் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. கேக்காம தொடாதீங்க, அது மொதல் பாடம். ரெண்டாவது, சாமி பேரு இவங்க எல்லாருக்கும் ஆறுதலா இருக்கும்னு நினைக்காதீங்க, சில பேர கட்டிப் போட்டதே சாமி பேரச் சொல்லித்தான்னாங்க. அப்பதான் நைஜீரியா விஷயம் சொன்னாங்க. அங்க எடோ மாநிலத்துலேர்ந்து ஐரோப்பாவுக்கு கொண்டு போற பொண்ணுங்கள பூசாரி முன்னாடி நிக்க வெச்சு சத்தியம் வாங்குவாங்களாம், கடன அடைக்காம ஓடினாலோ போலீஸ்ல சொன்னாலோ உனக்கும் குடும்பத்துக்கும் சாவுன்னு. பூட்டு, சங்கிலி எதுவும் வேணாம், அந்த பயமே போதும். போலீஸ், கவுன்சிலர் எல்லாம் எவ்ளோ பேசியும் அந்த பயத்த அசைக்க முடியல. 2018 மார்ச்ல அந்த எடோ மாநிலத்துல இருக்கற பெனின் ராஜ்யத்தோட அரசர் (பெனின் நாடு இல்ல), ஓபா இரண்டாம் எவுவாரே, பூசாரிங்கள வரவழைச்சு, அந்த சத்தியமெல்லாம் இனிமே செல்லாது, இனிமே இப்படி சத்தியம் வாங்கறவனுக்குத்தான் சாபம்னு அறிவிச்சார். நம்பிக்கைல போட்ட முடிச்ச நம்பிக்கை பக்கத்துலேர்ந்து வந்த ஒருத்தர்தான் அவுக்க முடிஞ்சுது. மதம் சார்ந்த ஆளுங்க இந்த வேலைல எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு இத விட நல்ல பதில் எனக்குத் தெரியாது, அதே சமயம் கார்ல நான் பண்ணினது ஏன் தப்புங்கறதுக்கும் இதேதான் பதில்.

வாலண்டியர் ட்ரெய்னிங் மூணு நாள், இதப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். ட்ராமா, அதாவது மனசுல பட்ட காயம் பத்தி, எல்லைகள் பத்தி, ஃபோன் நம்பர் குடுக்கக்கூடாது, தனியா பணம் குடுக்கக்கூடாது, "என்ன நடந்துச்சு"ன்னு கேக்கவே கூடாது, இதெல்லாம் எங்கயும் சொல்றதுதான். ரெண்டாவது நாள் மதியம் ஒரு சிஸ்டர் அயர்லாந்து மாக்டலீன் லாண்டரி பத்தி ஒரு மணி நேரம் பேசினாங்க, நான் எதிர்பார்க்கவே இல்ல. "வழி தவறின பொண்ணுங்கள" திருத்தறோம்னு கன்னியாஸ்திரிங்க நடத்தின எடம், பொண்ணுங்கள உள்ள வெச்சு சம்பளமே இல்லாம துணி துவைக்க விட்டாங்க, கடைசி லாண்டரி மூடினது 1996ல, அரசாங்கம் மன்னிப்பு கேட்டது 2013ல. "எங்கள மாதிரி அங்கி போட்டவங்கதான் பண்ணினாங்க, கெட்டவங்களா இருந்து பண்ணல, நல்லது பண்றோம்னு நம்பி பண்ணினாங்க, அதனால எங்கள கண்ண மூடிட்டு நம்பாதீங்க, தப்பா ஏதாவது பாத்தா எங்களுக்கும் சொல்லுங்க, வெளியாளுக்கும் சொல்லுங்க"ன்னு ஒரு புகார் நம்பர் குடுத்தாங்க. அந்த நம்பர் அவங்களோடது இல்ல, வெளிய இருக்கற ஒரு கமிட்டியோடது. தங்கறவங்க ரூம் கதவுக்குப் பின்னாலயும் அதே நம்பர் ஒட்டியிருக்கும். இந்த மாதிரி வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா, நான் பாத்ததில்ல.

அந்த ரூம் கதவுல தாழ்ப்பாள் உள் பக்கம். சமையலறை ராத்திரியும் தொறந்திருக்கும், ஃப்ரிட்ஜுக்கு பூட்டு இல்ல. சின்ன விஷயமா தெரியும். ஒரு வருஷம் எப்ப சாப்பிடணும்னு வேறொருத்தன் முடிவு பண்ணினா ராத்திரி ரெண்டு மணிக்கு ஃப்ரிட்ஜ தொறந்து பாத்துட்டு எதுவும் எடுக்காம மூடறதுல என்ன இருக்குன்னு புரியும்.

ஹால்ல ஜோசஃபின் பகிதா படம் ஒண்ணு மாட்டியிருக்கும். சூடான்ல டார்ஃபர்ல 1869 வாக்குல பொறந்தவங்க, சின்னப் புள்ளையா இருக்கும்போதே தூக்கிட்டுப் போய் பல கை மாத்தி வித்தாங்க, கடைசில இத்தாலிக்கு வந்து 1889ல கோர்ட்டு நீ அடிமையே இல்லன்னு தீர்ப்பு சொல்லிச்சு, அதுக்கப்புறம் கன்னியாஸ்திரியா ஆனாங்க, 1947 பிப்ரவரி 8ல இறந்தாங்க. அந்த நாளத்தான் 2015லேர்ந்து கத்தோலிக்க சபை ஆள்கடத்தலுக்கு எதிரான ஜெப நாளா வெச்சிருக்கு. பகிதான்னா அரபில அதிர்ஷ்டசாலின்னு அர்த்தம், தூக்கிட்டுப் போனவங்க வெச்ச பேரு, பயத்துல சொந்தப் பேரே மறந்து போச்சாம். ஃபார்ம்ல ஏன் "எந்தப் பேரால கூப்பிடணும்"னு முதல் கேள்வி வருதுன்னு இதக் கேட்டப்புறம்தான் எனக்குப் பட்டுச்சு, யாரும் விளக்கிச் சொல்லல.

சர்வீஸ் எப்படின்னு கேட்டா, நிஜமான வேலை ஜெபமும் இல்ல கவுன்சிலிங்கும் இல்ல, பேப்பர் வேலை. அடையாள அட்டை இல்ல, பேங்க் அக்கவுண்ட் இல்ல, அவங்க பேர்ல எவனோ எடுத்த லோன் இருக்கு, பல்லு ஒடஞ்சிருக்கு, கண்ணாடி வேணும், வழக்குல சாட்சி சொல்லணும், தேதி தள்ளிட்டே போகும். ஒரே கவுண்டருக்கு நான் ஒருத்தங்களோட ஆறு தடவ போயிருக்கேன். இங்கதான் மதம் சார்ந்த அமைப்போட பலம் தெரியுது, காசு இல்ல, ஆள் பலம். ஞாயித்துக்கிழமை ஒருத்தர் கிட்ட சொன்னா போதும், சபைல ஒரு பல் டாக்டர் இருப்பார், ஒரு ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர் இருப்பார், வக்கீல் இருப்பாங்க, வாடகைக்கு வீடு விடறவர் இருப்பார். பக்கத்து மசூதி கமிட்டி ஹோம விட்டு தனியா போறவங்களுக்கு வீட்டு அட்வான்ஸ் குடுக்க முன்வந்தாங்க. ஜகாத்ங்கற கட்டாய தர்மப் பணத்த செலவு பண்ண குர்ஆன்ல சொன்ன எட்டு வகைல ஒண்ணு அடிமைகள விடுவிக்கறது, அந்த வகை இன்னிக்கு இவங்களுக்குப் பொருந்துமான்னு அவங்களுக்குள்ள ரொம்ப நேரம் பேசிட்டு பொருந்தும்னு முடிவு பண்ணினாங்களாம். வாங்கறவங்க எந்த மதம்னு கேக்கல. 2014 டிசம்பர்ல வத்திக்கான்ல போப் பிரான்சிஸ், இங்கிலாந்து திருச்சபையோட கான்டர்பரி ஆர்ச்பிஷப், இஸ்லாமிய, யூத, பௌத்த தலைவருங்க, நம்ம மாதா அமிர்தானந்தமயி எல்லாரும் ஒண்ணா உக்காந்து 2020க்குள்ள நவீன அடிமைத்தனத்த ஒழிப்போம்னு கையெழுத்து போட்டாங்க. 2020 வந்து போயிடுச்சு, 2021 நிலவரத்த வெச்சு எடுத்த கணக்குல கட்டாயக் கல்யாணத்தையும் சேத்து 4 கோடியே 96 லட்சம் பேர். அந்தக் கையெழுத்த விட அந்த கமிட்டி குடுத்த அட்வான்ஸ் பெருசுன்னு எனக்குத் தோணுது.

ஆள் பலத்துக்கு ஒரு மறுபக்கமும் இருக்கு. சபைல ஒருத்தர் வேலை தர்றேன்னு சொல்லி ஒருத்தங்கள தன் கடைல சேத்துக்கிட்டார், பெரிய மனசுன்னு எல்லாரும் பாராட்டினாங்க. மத்தவங்களுக்கு குடுக்கற சம்பளத்துல பாதிதான் குடுத்திருக்கார், கேட்டா "உதவிதானே பண்றேன்"னார். சிஸ்டர் நேரா போய் மீதி சம்பளத்த கணக்கு போட்டு வாங்கிட்டு வந்தாங்க, அதோட அவரோட தொடர்ப கட் பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் யார் வேலை குடுத்தாலும் எழுத்துல ஒப்பந்தம், சம்பளம் பேங்க்ல. நல்லவர்ங்கற பேருக்கு சலுகை கிடையாது.

மைனஸ் நிறைய இருக்கு. மொத ரெண்டு வாரம் சொந்த ஃபோன் கிடையாது, லொக்கேஷன் தெரிஞ்சுடும்னு வாங்கி வெச்சுக்குவாங்க, ஹோம் ஃபோன்ல பேசிக்கலாம். காரணம் புரியுது, ஆனா வர்ற பொண்ணு கிட்டேர்ந்து இதுக்கு முன்னாடி ஃபோன புடுங்கினவன் யாருன்னு யோசிச்சுப் பாருங்க. சிம்ம மாத்தி லொக்கேஷன ஆஃப் பண்ணி திருப்பிக் குடுக்கற ஹோமும் இருக்கு, இவங்களும் பண்ணலாம். நான் மூணு தடவ சொல்லிட்டேன், "பாக்கறோம்"னாங்க. வார கடைசில ராத்திரி ஸ்டாஃப் ஒரே ஒருத்தர், கெட்ட கனவு வர்றது ராத்திரிலதான். ட்ராமா தெரிஞ்ச கவுன்சிலர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவாங்க, லைன் நீளம். பழைய துணி மூட்டை மூட்டையா வந்து ஸ்டோர் ரூம அடைச்சிருக்கு, தயவு செஞ்சு நீங்க போட மாட்டாத துணிய அடுத்தவங்களுக்கு குடுக்காதீங்க, புது உள்ளாடை பாக்கெட் வாங்கிக் குடுங்க, அதுதான் எப்பவும் பத்தாது.

கர்ப்பம் சம்பந்தப்பட்ட விஷயம்தான் எனக்கு ரொம்ப சிக்கலா இருந்துச்சு. கருத்தடை, கருக்கலைப்பு விஷயத்துல அவங்க நேரடியா எதுவும் பண்ண மாட்டாங்க, அவங்க கொள்கை. அமெரிக்கால அரசாங்க பணத்துல சர்வைவர் உதவி பாத்த கத்தோலிக்க பிஷப் அமைப்பு அந்த பணத்த இதுக்கெல்லாம் செலவு பண்ணக்கூடாதுன்னு நிபந்தனை போட்டதுக்கு 2009ல கேஸே ஆச்சு, 2012ல கீழ்க்கோர்ட்டு அத தப்புன்னுச்சு, ஒப்பந்தமே முடிஞ்சு போச்சேன்னு 2013ல அப்பீல்ல அந்த தீர்ப்பு ரத்தாயிடுச்சு. இங்க வெச்சிருக்கற வழி, முதல் நாள் குடுக்கற பேப்பர்லயே "இத நாங்க செய்யறதில்ல, ஆனா கேக்கறது உங்க உரிமை, இந்த அரசு ஆஸ்பத்திரில கேளுங்க, கூட வர வெளி ஆள் வேணும்னா இந்த நம்பர்"னு போட்டிருக்கும். மறைக்கறத விட இது எவ்வளவோ மேல். ஆனா நடுராத்திரி பயந்து போன ஒரு பொண்ணுக்கு இன்னொரு நம்பருக்கு ஃபோன் பண்ணச் சொல்றது உதவியான்னு கேட்டா எனக்கு இன்னும் ஒத்துக்க முடியல. ஒரு ஸ்டார் இதுக்கு போச்சு.

ஹோம விட்டுப் போனப்புறமும் ரெண்டு வருஷம் ஃபாலோ அப் இருக்கு, அதுவும் அவங்க கேட்டா மட்டும். சில பேர் போனதும் நம்பரையே மாத்திட்டு எங்க எல்லாரையும் மறந்துடுவாங்க. மொதல்ல எனக்கு வருத்தமா இருந்துச்சு, இவ்ளோ செஞ்சோமே ஒரு ஃபோன் கூட இல்லையேன்னு புலம்பினேன். கோஆர்டினேட்டர் சிரிச்சாங்க, "நம்மள மறந்தாதான் அந்தப் பொண்ணு பழையத மறக்க முடியும்னா மறந்துட்டுப் போகட்டுமே, நாம என்ன அங்க படமா மாட்டி வெக்கணும்"னாங்க.

வாலண்டியரா சேரணும்னா போலீஸ் வெரிஃபிகேஷன், மூணு நாள் ட்ரெய்னிங், குறைஞ்சது ஆறு மாசம் தொடர்ந்து வரணும். ஒரு நாள் லீவுல வந்து செல்ஃபி எடுத்துட்டுப் போற ஆளுங்கள சேக்கறதில்ல. ஒரு நாள் மட்டும் நேரம் இருக்குன்னா டோர்ல நின்னு ஆடிட் ரிப்போர்ட் கேட்டு வாங்கிப் பாத்துட்டு காசு குடுத்துட்டு வாங்க, கேட்டா குடுப்பாங்க, குடுக்காத எடம்னா யோசிங்க.

5க்கு 4. போடறதுக்கு முன்னாடி கோஆர்டினேட்டர் கிட்ட படிச்சுக் காட்டினேன், எடத்த கண்டுபிடிச்சுடலாம்னு ரெண்டு வரிய எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன். மைனஸ் பத்தி எழுதினதுல ஒரு வரி கூட எடுக்கச் சொல்லல, ஃபோன் விஷயத்த மட்டும் இன்னும் கொஞ்சம் காட்டமா எழுதுங்க, மீட்டிங்ல காட்ட வசதியா இருக்கும்னாங்க.

அப்டேட்: வார கடைசி ராத்திரிக்கு இப்ப ரெண்டு பேர் போட்டிருக்காங்க. ஃபோன் விஷயம் மட்டும் மாறல, வாங்கி வெக்கறது அதே ரெண்டு வாரம்தான்.